குளவி காத்த கிளை

அவனைச் சீப்பு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மரத்தில் ஏறினான் என்றால் உள்பக்கம் இருக்கிற சிறு கிளை, தளிர், குச்சி ஒன்று விடாமல் வழித்தெடுத்துவிட்டு, நுனியில் மட்டும் கொத்தாக இலையை விட்டு இறங்குவான். கீழே நின்று அண்ணாந்தால் வானம் பளிச்சென்று தெரியும். "சீப்பு போட்டு வாரின மாதிரி இருக்கே" என்று ஒரு வீட்டுக்கார அம்மா சொன்னது பெயராகவே ஒட்டிக்கொண்டது. பதினைந்து வருஷமாக அந்தப் பெயரால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது. புயல் காலத்துக்கு முந்தின இரண்டு மாதமும் அவனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சீப்பு வாரிய மரத்தில் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும், மரம் அசையாது என்று தெருவுக்குத் தெரு சொன்னார்கள். அவனும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

போன வருஷப் புயலுக்கு மறுநாள் அந்த நம்பிக்கை போயிற்று.

விழுந்த கிளைகளை அப்புறப்படுத்த ஒரு தெருவுக்குப் போயிருந்தான். மூன்றாவது கிளையை அறுத்து முடித்துவிட்டு, மதில் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சும்மா மேலே பார்த்தான். மூன்றும் ஒரே மாதிரி முறிந்திருந்தன. அடியில் பிய்யவில்லை, உளுத்துப் போயும் விழவில்லை. அவன் வழித்துவிட்ட மொட்டைக் கம்பின் நடுவில், படக்கென்று ஒடித்த மாதிரி ஒடிந்திருந்தன. பக்கத்திலேயே ஒரு கஞ்சனின் வீட்டு மரம். காசுக்கு வலித்து ஒரு வருஷமும் சீப்பைக் கூப்பிடாத ஆள். அந்த மரம் புதர் மாதிரி உள்ளும் புறமும் மண்டிக் கிடந்தது. இலை உதிர்ந்ததைத் தவிர அதற்கு ஒரு கேடும் இல்லை. தற்செயல் என்று நினைத்து அடுத்த தெருவுக்கு நடந்தான். அங்கேயும் அதே கதை. மூன்றாவது தெருவின் முனை வரைக்கும் போய்விட்டு, உள்ளே போக மனமில்லாமல் திரும்பினான்.

விஷயம் ஒன்றும் பெரிய சூத்திரமில்லை. குடத்தை இடுப்பில் வைத்தால் எவ்வளவு தூரமும் நடக்கலாம். அதே குடத்தை நீட்டின கையில் பிடித்தால் பத்தடிக்குள் தோள் கழன்றுவிடும். உள்பக்கத்து இலையை எல்லாம் எடுத்துவிட்டு நுனியில் மட்டும் கொத்தை விட்டால் கிளைக்கு அதுதான் கதி. காற்றில் நுனி சுழன்றடிக்கும்போது ஆட்டத்தை வாங்கிக்கொள்ள வழியில் சின்னக் கிளைகளும் கிடையாது. ஆனால் மரமேறுகிறவனுக்கு நுனி என்றால் பயம். தடித்த இடத்தில் நின்றுகொண்டு கைக்கு எட்டினதை வெட்டுவது சுலபம். வெட்டின வேலை கண்ணுக்கும் அழகாகத் தெரியும். சுலபமும் அழகும் சேர்ந்துவிட்டால் மனிதன் எதற்கு யோசிக்கப் போகிறான்? சீப்பு பதினைந்து வருஷம் யோசிக்கவில்லை.

தெரிந்த பிறகு சும்மா இருந்தானா என்றால், அதுவும் இல்லை. வேலை செய்த வீடு வீடாகப் போய் நின்றான். உள்பக்கத்தைத் தொடாதீர்கள், துளிர்க்கிறது துளிர்க்கட்டும், நான் வந்து நுனியை மட்டும் குறைத்துத் தருகிறேன் என்றான். ஏன் என்று கேட்டார்கள். மரத்துக்கு வயதாகிவிட்டது என்றான். இப்போதெல்லாம் காற்றின் போக்கே மாறிவிட்டது என்றான். வாயில் வந்ததை எல்லாம் சொன்னான், "நான் தப்பாக வெட்டிவிட்டேன்" என்கிற மூன்று வார்த்தையைத் தவிர. அந்த மூன்று வார்த்தை தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டது.

"போன வருஷம்தானே வாரிட்டுப் போனே? அதுக்குள்ள மறுபடி என்ன வேலை?" என்று ஒருவர் கதவைச் சாத்தினார்.

"சீசன் டல்லா இருக்கா?" என்று ஒரு அம்மா இரக்கப்பட்டாள்.

செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஊதுகிறவனும் சரியாக ஊதவில்லை என்பதை அவன் யோசிக்கவில்லை. இந்த ஜனங்களுக்குப் பட்டால்தான் புத்தி வரும் என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிந்து விழுவான். "நீங்க விழற வேகத்துக்கு அந்தக் கிளைங்களே தேவலை" என்று அவள் உள்ளே போய்விடுவாள்.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி அவனுடைய சொந்த அக்காதான்.

அக்கா தையல்காரி. அத்தானுக்குக் கப்பலில் வேலை; வருஷத்தில் பத்து மாதம் வீட்டில் இருக்க மாட்டார். வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி, தகரக் கூரை போட்ட நீளமான அறை. அதில் மூன்று மெஷின், துணி வெட்டுகிற மேஜை, இஸ்திரிப் பெட்டி, ஜன்னலோரம் நூற்கண்டுகள் அடுக்கிய பலகை. காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அக்காவும் இரண்டு பெண்களும் அங்கேதான். அறைக்குப் பின்னால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கிளை ஒன்று, ஆள் கட்டிப்பிடிக்கிற தடிமனில், தகரத்துக்கு மேலே படுத்த வாக்கில் ஓடி, மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்காரரின் காருக்குக் குடை பிடித்தது. ஐந்து வருஷமாக அந்தக் கிளையை வழித்தெடுத்தவனும் சீப்புதான். முப்பதடிக்கு மொட்டைக் கம்பு. கடைசியில் வைக்கோல்போர் அளவுக்கு ஒரு கொத்து.

அந்த முப்பதடியில் ஒரே ஓர் இடத்தில், நடுவாக்கில், மணிக்கட்டைவிடத் தடிமனான ஒரு பக்கக்கிளை மட்டும் பிழைத்து மேலே போயிருந்தது. அது அவன் புத்தியால் பிழைக்கவில்லை. வருஷா வருஷம் அதன் அடியில் குளவி கூடு கட்டும். முதல் வருஷமே காது மடலில் ஒரு கொட்டு வாங்கினவன், அதற்கப்புறம் அந்தப் பக்கம் கையை நீட்டவில்லை. ஐந்து வருஷத்தில் அவன் தொடாமல் விட்டது அது ஒன்றுதான், உருப்பட்டதும் அது ஒன்றுதான்.

இப்போது அவனுடைய நம்பிக்கை முழுக்க அந்தக் குளவிக் கிளை மேல்தான். நுனிப் பாரத்தை அதுவரைக்கும் அறுத்து எடுத்துவிட்டால், மிச்சக் கிளைக்கு அது தலையாக நின்று உயிர் கொடுக்கும். பாரம் பாதிக்குப் பாதி குறையும், நிழலும் கொஞ்சம் மிஞ்சும், மரத்துக்கும் பெரிய காயமில்லை. அப்படி ஒரு பச்சைக் கிளை இல்லாத இடத்தில் வெட்டினால் கட்டை செத்து, அழுகல் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். இதுதான் திட்டம். அக்காவிடம் சொன்னான்.

"நுனிய வெட்டு, வேணாங்கல. ஆனா இப்ப உள்ள துளிர்க்குதே, அத எல்லாம் எடுத்துடணும்" என்றாள் அக்கா, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அதத் தொடக் கூடாதுக்கா. அது வளரணும்."

"வளரணுமா? அதுலதான்டா கம்பளிப்பூச்சி. தகர இடுக்கு வழியா உள்ள விழுது. போன மாசம் ஒரு வெள்ளைச் சட்டை மேல விழுந்து இஸ்திரில நசுங்கி, அப்பின கறை அப்பினதுதான். நாள் பூரா சோப்புப் போட்டேன்."

"கறைதானேக்கா. கிளையே விழுந்தா?"

"எப்படி விழும்? வருஷா வருஷம் நீதானே சுத்தம் பண்றே. நீ பண்ணினது விழுமா?"

சொல்லியிருக்கலாம். இதைவிட நல்ல சந்தர்ப்பம் யார் கொடுப்பார்கள்? அவனுக்கும் வாய் வரைக்கும் வந்தது.

"மரத்துக்கு வயசாயிடுச்சுக்கா."

"எனக்கும்தான் வயசாயிடுச்சு. என்னையும் ரெண்டடி குறைச்சு விடு."

பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண் களுக்கென்று சிரித்தாள். சீப்பு எழுந்து வெளியே வந்தான்.

நுனிக்கு வேறு ஒரு முட்டுக்கட்டை. அது தொங்குவது பக்கத்து வீட்டில். அங்கே இருப்பவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். போன வருஷம்தான் கார் வாங்கினார். ஓட்டுவதைவிடத் துடைப்பது அதிகம். அவர் வாசலில் கயிறு கட்டி இறக்காமல் அந்தக் கொத்தை எடுக்க முடியாது. முதல் தடவை போனபோது, யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டாவது தடவை, எத்தனை அடி குறையும், நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழும் என்று கேட்டார். மூன்றாவது தடவை போனால் வாசல் தரை முழுக்கச் சாக்பீஸ் கோடு. பத்து மணி நிழல், பன்னிரண்டு மணி நிழல், மூன்று மணி நிழல்.

"ஒம்பதடி வரைக்கும் ஒத்துக்கலாம். அதுக்கு மேல போனா மூணு மணிக்குப் பானெட்டு மேல வெயில்" என்றார்.

"சார், நுனிலேருந்து பதினாறு அடில ஒரு பக்கக்கிளை இருக்கு. அங்கதான் வெட்ட முடியும். ஒம்பதுல வெட்டினா கட்டை செத்துடும்."

"பத்து."

"இது கத்திரிக்காய் இல்ல சார்."

"மரம்னா வளைஞ்சு கொடுக்கணும்ப்பா" என்றார் வாத்தியார்.

இப்படியே நான்கு மாதம் ஓடியது. புயல் காலம் கழுத்துக்கு வந்துவிட்டது. கடைசியில் சீப்பு தன்னுடைய தார்ப்பாயைக் கொண்டுபோய், நாலு கம்பு நட்டு, காருக்கு மேலே பந்தல் போட்டுக் கொடுத்தான். வாத்தியார் பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்து, நாலு மூலையையும் இழுத்துப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை வா என்றார். அன்றைக்குச் சீப்பு வீட்டில் யாரிடமும் எரிந்து விழவில்லை.

புதன்கிழமை முழுக்க ஊருக்கு அந்தக் கோடியில், ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் வேலை. வியாழன் காலை கயிறும் ரம்பமுமாக அக்கா வீட்டுக்கு வந்தான். கேட்டுக்கு வெளியே பச்சையாக ஒரு குவியல். அதன் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவன் மைத்துனன் நின்றான்.

மைத்துனன் அவனுடைய மனைவியின் தம்பி. ஒன்பது வருஷமாகக் கீழே நின்று கயிறு பிடிக்கிறான். மூன்று வருஷமாக மரமும் ஏறுகிறான். கற்றுக்கொடுத்தது சீப்பு. சொன்னதைச் சொன்னபடி செய்வான், ஒரு சுழி கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான்.

"மாமா, உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்" என்றான். "நேத்து உங்க அக்கா போன் பண்ணினாங்க. உள்பக்கம் பூரா பூச்சியா விழுதாம். எப்படியும் இன்னைக்கு நுனிக்கு ஏறப் போறோம்ல, நேத்தே வந்து சுத்தம் பண்ணி வச்சுட்டேன்."

சீப்பு அண்ணாந்து பார்த்தான். அடியிலிருந்து நுனி வரைக்கும் வழுவழுவென்று இருந்தது.

"அந்த நடுக்கிளை எங்கடா?"

"எது, குளவிக் கிளையா? புகை போட்டேன், அரை மணி நேரத்துல ஒண்ணு இல்லாம ஓடிப்போச்சு. நீங்க அதுக்குப் போய் இத்தனை வருஷமா பயந்தீங்க. நாலே இழுப்பு மாமா."

வெட்டு ரொம்பச் சுத்தமாக இருந்தது. பிசிறு இல்லை, பட்டை கிழியவில்லை, குச்சி நீட்டிக்கொண்டிருக்கவில்லை. மேலே தாரும் பூசியிருந்தான். குற்றம் சொல்ல ஒரு இடம் விடாத வெட்டு. சீப்பு கற்றுக்கொடுத்த வெட்டு.

சீப்பு ரம்பத்தைக் கீழே போட்டான். கையிலிருந்த கயிற்றைச் சுருட்டித் தரையில் அடித்தான். "உனக்கு அறிவிருக்காடா? யாரைக் கேட்டு வெட்டினே? நாலு மாசம்டா. அந்த ஆளுக்குப் பந்தல் போட்டு, அவர் சாக்பீஸ் கோட்ட எல்லாம் தாண்டிக் குதிச்சு, நாலு மாசம்."

மைத்துனனின் முகம் சுருங்கிவிட்டது. "என்ன மாமா தப்பு? நீங்க செய்யற மாதிரிதானே செஞ்சேன்?"

"அத விட்டிருக்கணும்டா."

"ஏன் விடணும்? சொன்னீங்களா? வியாழக்கிழமை நுனி வேலைன்னுதானே சொன்னீங்க?"

சொல்லவில்லைதான். ஊரில் இருக்கிற வீட்டுக்காரர்களிடம் எல்லாம் சுற்றி வளைத்தாவது ஏதோ சொன்னான். கூடவே கயிறு பிடிக்கிறவனிடம் அதுகூடச் சொல்லவில்லை. கற்றுக்கொடுத்தது தப்பு என்று கற்றுக்கொண்டவனிடம் எந்த வாயால் சொல்வது? அதை அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தான். கோபம் திரும்பி வந்து அவன் மேலேயே விழுந்தது. விழுந்ததும் இன்னும் அதிகமாயிற்று.

தையல் அறைக்குள் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் புயல் கரையைக் கடக்கும், காற்று பலமாக இருக்கும் என்று இரண்டாம் தடவையாகச் சொன்னார்கள். நுனியை எங்கே குறைப்பது? குறைத்து நிறுத்த ஒரு பச்சைக் கிளை இல்லை. இனி ஒரே வழிதான் பாக்கி. மொத்தக் கிளையையும் அடிமரத்தோடு எடுக்க வேண்டும். தகரத்துக்கும் நிழல் போகும், காருக்கும் நிழல் போகும், மரத்தில் தாம்பாளம் அளவுக்குப் புண் விழும். இதற்கு இரண்டு வீடும் இரண்டே நாளில் சம்மதிக்க வேண்டும்.

உள்ளே போனான். மூன்று மெஷினும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"மெஷினை நிறுத்துக்கா."

"வெள்ளிக்கிழமை டெலிவரி. பேசு, காது கேக்குது."

"நிறுத்துக்கா."

அவன் குரல் எப்படி இருந்ததோ, மூன்றும் நின்றன.

"மேல இருக்கற கிளை விழும். இந்தக் காத்துக்கோ அடுத்த காத்துக்கோ, விழும். மரத்துக்கு வயசாகல, ஒண்ணும் ஆகல. நான் வெட்டினதுதான் தப்பு. அஞ்சு வருஷமா தப்பா வெட்டியிருக்கேன். இங்க மட்டும் இல்ல, எல்லா இடத்துலயும்."

காஜா எடுக்கிற பெண் தலையைத் தூக்கித் தகரத்தைப் பார்த்தாள். அக்கா ஊசியிலிருந்து நூலை இழுத்து, பல்லால் கடித்து அறுத்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன புயலப்போ."

"பத்து மாசம்."

"ம்."

"பத்து மாசமா இது என் தலைக்கு மேல நிக்குது. இந்தப் பொண்ணுங்க தலைக்கு மேல நிக்குது. நீ வந்து வந்து மரத்துக்கு வயசாச்சுன்னு கதை சொல்லிட்டுப் போயிருக்கே."

"நீதான் பூச்சி விழும்னு—"

"பூச்சி பெருசா, தலை பெருசான்னு எனக்குத் தெரியாதாடா? இதச் சொல்லியிருந்தா நான் ஏன் இவன வரச் சொல்லி வெட்டச் சொல்றேன்?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "என் தம்பி பாத்த மரம்னு தைரியமா அதுக்கடியில உக்காந்திருந்தேன்."

நான்கு மாதமாக இந்த அக்காவைப் பிடிவாதக்காரி, முட்டாள், பூச்சிக்குப் பயந்தவள் என்று மனசுக்குள் திட்டியிருக்கிறான். ஜன்னலுக்கு வெளியே மைத்துனன் நின்றுகொண்டிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான்.

"மாமா, அப்ப நான் கத்துக்கிட்டது?" என்றான்.

அக்கா எழுந்து மெஷின் மேல் உறையைப் போட்டாள். "ரெண்டு பேரும் ஒப்பாரி அப்புறம் வச்சுக்கோங்க. மரம் என் பக்கத்துல நிக்குது. வெட்டுங்க" என்றாள்.

வாத்தியாரிடம் அவ்வளவு சுலபத்தில் முடியவில்லை. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதாவது, பதினஞ்சு வருஷமா தப்பாத்தான் வெட்டிக்கிட்டிருந்தே."

"ஆமா சார்."

"அப்பவும் சரின்னு நெனச்சுத்தானே வெட்டினே?"

"ஆமா சார்."

"இப்ப சொல்றது மட்டும் சரின்னு நான் எப்படி நம்பறது?"

மரத்திலிருந்து விழுந்திருந்தால்கூடச் சீப்புக்கு இவ்வளவு வலித்திருக்காது. உண்மையைச் சொல்ல ஒரு மனிதன் பத்து மாதம் எடுத்துக்கொண்டு, கடைசியில் சொல்லி முடித்தால், அது அவன் கழுத்துக்கே சுருக்காகத் திரும்புகிறது. தொண்டை வரைக்கும் வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு நின்றான். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "சார், உங்க காரு மேலதான் நுனி. எனக்கு மேல வெறும் கம்பு. யோசிச்சுக்கோங்க" என்றாள். வாத்தியார் யோசித்தார். யோசித்துவிட்டு, வெட்டுவதால் வரும் நஷ்டத்துக்கு நானே பொறுப்பு என்று சீப்பிடம் எழுதி வாங்கிக்கொண்டு, காரை எடுத்துத் தெருவில் நிறுத்தினார்.

வியாழன் மத்தியானம் தொடங்கி வெள்ளி பொழுது சாயும் வரைக்கும் வேலை. நுனியிலிருந்து ஆரம்பித்து, துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்கினார்கள். இந்தத் தடவை நுனிக்குப் போனது சீப்பு. இடுப்புக் கயிற்றை ஒவ்வொரு அடிக்கும் இழுத்துப் பார்த்துக்கொண்டே போனான். மைத்துனன் கீழே நின்று கயிற்றைப் பிடித்தான். "விடு", "இழு", "நிறுத்து" தவிர இரண்டு நாளும் வேறு பேச்சில்லை. கடைசித் துண்டு வாத்தியாரின் வாசலில் வந்து உட்கார்ந்ததும் அவர் குனிந்து, வெட்டுவாயை உள்ளங்கையால் தடவினார்.

"கல்லு மாதிரி இருக்கு. ஒரு கீறல் இல்ல, ஓட்டை இல்ல. இதையா விழும்னு சொன்னே?"

"மரம் நல்ல மரம்தான் சார். பாரம்தான்—"

"சரி, சரி" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் காற்று எழுந்தது. மூன்று மணி நேரம் ஆட்டி எடுத்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை சீப்பு அக்கா வீட்டுக்குப் போனான். மரம் நின்றது. கூரை நின்றது. வாசலில் கொஞ்சம் இலைக் குப்பை. வழக்கமாக நிழலில் குளிர்ந்து கிடக்கிற தகரம் காலை எட்டு மணிக்கே காய்ந்துகொண்டிருந்தது. கூடத் தைக்கிற பெண்கள் வரவில்லை. அக்கா மட்டும் ஜன்னல் பக்கம் ஒரு போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததுதான் தாமதம், ஆரம்பித்துவிட்டாள்.

"அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. பத்து மணிக்கு மேல இங்க மனுஷன் இருக்க முடியாது. வாத்தியார் வேற காலைலேருந்து மூணு தரம் வந்துட்டார். தெருவுல ஒரு கிளைகூட ஒடியலையாம், நாமதான் அநியாயமா வெட்டிட்டோமாம்."

"ம்."

"வெட்டாம விட்டிருந்தா விழுந்திருக்கும்னு நிச்சயமா சொல்லுவியா?"

"எப்படிக்கா நிச்சயமா சொல்றது?"

"அப்ப நானும் அவருக்கு என்னதான் சொல்றது?"

விழாத கிளைக்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவான்? விழுந்திருந்தால் அதோ பாருங்கள் என்று காட்டலாம். இப்போது காட்டுவதற்கு இருப்பதெல்லாம் ஒரு வெள்ளைப் புண்ணும், சூடான தகரமும், வாத்தியாரின் சட்டைப்பையில் அவன் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதமும்தான். மரத்தைக் காப்பாற்ற நினைத்துப் பாதி மரத்தை எடுத்தாயிற்று. வாயைத் திறக்க நினைத்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டாயிற்று. ஆத்திரத்தில் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைக்கவும் வெட்கமாக இருந்தது.

அப்போது அவன் போன் அடித்தது. பெரிய ரோட்டில் பேக்கரி வைத்திருக்கிறவர். காதில் வைத்தால் சரியாகக் கேட்காத போன் என்பதால் சீப்பு போனை வெட்டுமேஜை மேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்கப்பா இருக்கே? கொஞ்சம் சீக்கிரம் வா. பின்னாடி மரத்துக் கிளை அடுப்பு ரூம் மேல விழுந்துடுச்சு. மாவு பிசையற ஆளு உள்ள இருந்தாரு. தோள்பட்டை எலும்பு ரெண்டா போச்சு. நேத்தே ஆஸ்பத்திரில சேத்துட்டோம். உசுருக்கு ஒண்ணுமில்ல."

சீப்பு போன் பக்கம் குனிந்தான். "எந்தக் கிளைங்க?"

"ரெண்டு வருஷம் முன்னாடி நீ வந்து வாரி விட்டியே, அந்த மரம்தான். நீ வாரினதே விழுந்துடுச்சுன்னா பாத்துக்கோ, மத்தவன் வெட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு எல்லாரும் பேசிக்கறாங்க. வந்து இத எடுத்துட்டு, மிச்சம் இருக்கற கிளைங்களையும் உள்ள ஒரு குச்சி இல்லாம நல்லா வாரி விட்டுடுப்பா. பயமா இருக்கு."

போன் அணைந்தது. அக்காவின் கால் மெஷின் மிதியின் மேல் அப்படியே நின்றிருந்தது. அவள் தலையைத் தூக்கி, காய்கிற தகரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவர்கிட்ட நீ போனியா?"

"போன மாசம்கூடப் போனேன்."

"என்ன சொன்னே?"

அவன் தரையில் கிடந்த வெட்டுத் துணியைப் பார்த்தான். "மரத்துக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னேன்."

"இன்னும் எத்தனை வீடு இருக்கு?"

"எண்ணல. அம்பது, அறுபது இருக்கும்."

அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து ஓரமாக வைத்தாள்.

"அப்புறம் இங்க என்னடா உக்காந்திருக்கே?"